ஊர்க் கணக்கு – 9: பிரசவ வார்டு எந்த மாடியில்?

பெய்த மழையை அளந்து, அதற்கேற்ப எதைப் பயிரிடலாம் என்று கிராம சபையில் முடிவெடுக்கும் ஹிவரே பஜாரைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அகமதாபாத். அங்கே பெண்கள் தங்கள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடித்த கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு மருத்துவமனை ஆய்வு கையில் சிக்கியது. படித்ததிலிருந்து மனம் வேறெதிலும் ஓடவில்லை. கூரை சற்றுக் காத்திருக்கட்டும்.

2010 மே மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த மாதம் 21ஆம் தேதி அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஊருக்கு வெயில் பழகிய சங்கதி. கோடை என்றால் நாலு பேர் சுருண்டு விழத்தான் செய்வார்கள் என்று அதோடு விட்டிருப்பார்கள். காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விடவில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு, மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்கள். வெயிலால் இறந்ததாக எழுதப்பட்டவர்களை மட்டும் அவர்கள் தேடவில்லை. என்ன காரணத்தால் இறந்திருந்தாலும் சரி, அந்த மாதம் இறந்த எல்லாரையும் எண்ணினார்கள். 4,462 பேர். வழக்கமான ஆண்டுகளில் அதே காலத்துக்கு 3,118 பேர். வித்தியாசம் 1,344.

தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரத்தில் ஒரு முதியவர் இறந்தால் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இறந்தால் சிறுநீரகக் கோளாறு. எழுதிய மருத்துவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்டது அதைத்தான். அந்த மரணங்களை மொத்தமாக அடுக்கி, மற்ற ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் வெயிலின் பங்கு வெளியே வந்தது. அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த திலீப் மாவ்லங்கர் இந்த எண்ணும் முறையைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருபவர். எண்ணாத ஊருக்குத் திட்டம் போட முடியாது என்பதே இந்தத் தொடரில் நானும் திரும்பத் திரும்பச் சொல்வது.

இப்போது அந்த மருத்துவமனைக்கு வருவோம். அகமதாபாத்தில் மாநகராட்சி நடத்தும் சாரதாபென் மருத்துவமனை. 2010 ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறந்து சில நாட்களே ஆன 24 சிசுக்கள் வெப்பத்தால் உடம்பு கொதித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதாக ஆய்வு சொல்கிறது. பச்சிளங்குழந்தைக்கு ஜுரம் என்றால் எந்த மருத்துவருக்கும் முதல் சந்தேகம் கிருமித் தொற்றின் மேல்தான் போகும். ஆனால் வெயிலும் காரணமாகலாம். அத்தனை சின்ன உடம்புக்கு வியர்த்துத் தணியும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சுற்றியுள்ள சூடு சட்டென்று ஏறும். போதாக்குறைக்கு, பிறந்த குழந்தை என்று துணியால் சுற்றியும் வைத்திருப்போம்.

ஆய்வாளர்கள் அந்த ஊரின் வெப்பநிலையையும் சிசுக்கள் சேர்க்கப்பட்ட நாட்களையும் பொருத்திப் பார்த்தார்கள். 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் கூடியது. இந்தக் குழந்தைகள் வந்தது எங்கிருந்து? அதே கட்டடத்தின் பிரசவ வார்டிலிருந்து. குளிர்சாதன வசதி இல்லாத அந்த வார்டு இருந்தது கட்டடத்தின் உச்சி மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. நம் ஊரில் மேல்மாடி வீட்டில் சித்திரை மாதம் குடியிருந்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். பகல் முழுக்கக் காங்கிரீட் குடித்த வெயில் இரவு முழுக்கக் கீழே இறங்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் அள்ளிக் கொட்டும்.

பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வார்டு கீழே இருந்த காலத்தில் வெப்பத்தால் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 64 சதவீதம் குறைவு. ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த எண்ணைப் படித்துவிட்டு எழுந்து சற்று நடந்தேன். புதுக் கட்டடமோ பெரிய கருவியோ கேட்காத மாற்றம் இது. கட்டில்கள் படி இறங்கின, அவ்வளவுதான்.

என் அத்தை ஒருவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஆய்வைப் பற்றி அவரிடம் போனில் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. “மேற்குப் பக்கச் சுவர் ராத்திரி ஏழு மணிக்கும் கொதிக்கும்டா, கைய வைக்க முடியாது. பச்ச உடம்புக்காரிய அங்க படுக்க வைக்க மனசு வருமா?” என்றார். பங்குனி பிறந்தாலே மேற்குச் சுவரோரக் கட்டில்களை நடைபாதைப் பக்கம் இழுத்துப் போடச் சொல்வாராம். யாரும் ஆணை போட்டு நடந்ததல்ல. அவர் மாற்றலாகிப் போனதும் கட்டில்கள் பழைய இடத்துக்கே போய்விட்டனவாம். அடுத்து வந்தவருக்கு அதைச் சொல்ல எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

ஊர்த்திட்டம் என்பது இதற்காகத்தான் வேண்டும். ஒரு செவிலியருக்கோ வார்டு ஆயாவுக்கோ தெரிந்தது அவரோடு மாற்றலாகிப் போகாமல் இருக்க வேண்டும். அகமதாபாத் 2013இல் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டத்தை நான் மதிப்பது இந்தக் காரணத்தால்தான். தெற்காசியாவில் இப்படி ஒரு நகரம் போட்ட முதல் திட்டம் அது. 41.1 டிகிரியில் மஞ்சள், 43.1இல் ஆரஞ்சு, 45இல் சிவப்பு என்று எச்சரிக்கை வகுத்தார்கள். எந்த நிறத்துக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று துறை துறையாக எழுதி வைத்தார்கள். முன்னறிவிப்பு மாநகராட்சியில் இதற்கென்றே உள்ள ஓர் அதிகாரிக்கு வரும். அவரிடமிருந்து மருத்துவமனைகளுக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் மற்றத் துறைகளுக்கும் போகும். வெப்ப மயக்கத்தை அடையாளம் காண மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது.

அகமதாபாத்தைப் பார்த்து மற்ற ஊர்களும் திட்டம் எழுதின. எழுதியவிதம்தான் கவலை தருகிறது. தில்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2023இல் நாடு முழுவதிலுமிருந்து 37 வெப்பச் செயல்திட்டங்களை எடுத்துப் படித்தது. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று முறையாக ஆராய்ந்திருந்தவை இரண்டே இரண்டு. முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று இறங்கிப் பார்த்தால்தான் அது திட்டம்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் நிவாரணம் கிடைக்க வேண்டுமானால் மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்று முதலில் பதிவாக வேண்டும். சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தால் அந்தக் குடும்பம் எந்த வாசலில் போய் நிற்கும்? இறப்புப் பதிவேட்டை ஆண்டுதோறும் கோடை முடிந்ததும் எடுத்து எண்ணும் வேலையை ஒவ்வொரு மாநகராட்சியும் செய்ய வேண்டும். அகமதாபாத் ஆய்வாளர்கள் பயன்படுத்திய பதிவேடு எல்லா ஊரிலும் இருக்கிறது.

வெள்ளைக் கூரைகளுக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. மகிளா ஹவுசிங் டிரஸ்ட் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலையை இரண்டு பத்தியில் அடக்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அடுத்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு எந்த மாடியில் இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு தளம் உண்டா, மேற்கு வெயில் நேராகச் சுவரில் அடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அங்கே வேலை பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயரும் மாடியும் போதும். வந்த கடிதங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து, கோடைக்கு முன்பே சுகாதாரத் துறைக்கு அனுப்பி வைக்கிறேன்.