வறண்ட மாவட்டங்களில் வீட்டினுள் படர்கொடி வளர்ப்பு

வீட்டினுள் தொங்கவிடும் கொடி என்றவுடன் சிலர் ஐவிக் கொடியைத் தேடுகின்றனர். அது குளிர்ப்பகுதிக் கொடி. உதகையிலும் கொடைக்கானலிலும் வளரும். நமது கோடையில் இலை கருகி, செம்பேன் பிடித்து அழியும். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வீடுகளுக்கு மணி பிளாண்ட் கொடியே ஏற்றது. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவு. திருடி வந்து நட்டால்தான் செழிக்கும் என்பர். கேட்டு வாங்கிய துண்டும் அப்படியே வேர்விடும்.

இரண்டு, மூன்று கணுக்கள் உள்ள துண்டை, அடிக்கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடவேண்டும். கணுவில்லாத துண்டு வேர்விடாது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பாதீர்கள். நீர் வடியாமல் வேர் அழுகும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இடவும். மேல்மண் ஓரங்குல ஆழம் காய்ந்த பின்பே நீர் ஊற்றவும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள சன்னலோரம் போதும். தொங்கவிட்டால் இலைகள் சிறுத்தே இருக்கும். தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றினால் பெரிதாகும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அங்குள்ள பல கிணறுகளில் கடினநீரே கிடைக்கிறது. அதையே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு காணும். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு என்றறியலாம். மழைநீரைப் பிடித்து, இறுக மூடி வைத்து ஊற்றுவது நல்லது. சிமெண்ட் ஆலை, லாரிச் சாலை அருகிலுள்ள வீடுகளில் இலைமேல் படியும் தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கவும்.

பாட்டிலில் நீரூற்றி வளர்ப்போர் அஞ்ச வேண்டியது கொசுவுக்கு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தேங்கிய தெளிந்த நீரைத்தான் நாடும். முட்டை கொசுவாக எட்டு, பத்து நாட்களே போதும். வாரம் ஒருமுறை நீரை மாற்றுவதோடு விட்டுவிடக் கூடாது. முட்டைகள் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, வேரையும் அலசுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் இப்படியே கழுவ வேண்டும். பழைய நீரைக் காய்ந்த தரையில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

இக்கொடியில் நஞ்சும் உண்டு. இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் வடியும். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். குழந்தை மென்றுவிட்டால் வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்து, நீரால் கழுவி, வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லவும். கத்தரித்த கொடியை ஆட்டுப்பட்டியிலோ மாட்டுக் கொட்டகையிலோ வீசாமல் குழியில் புதைக்கவும். கோடையில் தீவனம் கிடைக்காத ஆடு எதையும் கடித்துப் பார்க்கும்.