பதினைந்தாம் தேதிக்காரி

மதுரை செல்லூர்ப் பக்கம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘ஆர்.டி. அக்கா’ என்றால்தான் தெரியும். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்குக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிக் கட்டுகிற மகளிர் முகவர் நான். இந்த மகளிர் முகவர் ஏற்பாடு 1972-இல் தொடங்கியது. கணக்குக்கு மாதம் ஒரு தொகை, 5 வருடம், 60 தவணை. மாதத்தின் முதல் பாதியில் கணக்குத் தொடங்கியவர்கள் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். பின்பாதிக்காரர்களுக்கு மாதக் கடைசி வரை நேரம் உண்டு. 10-ஆம் தேதி தாண்டிவிட்டால் என் வீட்டில் மதியச் சமையல் கிடையாது.

இந்த வேலையில் ஒரு வசதி. ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வருமானத்தில் இருக்கிறவர்களில் யார் 60 தவணையும் கட்டி முடிக்கிறார்கள், யார் பாதியில் விடுகிறார்கள் என்பதை வருடக்கணக்கில் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். சுயகட்டுப்பாடு என்றதும் மன உறுதி, வைராக்கியம் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததும் அதனால்தான். நான் பார்த்தவரை, கட்டி முடிக்கிறவர்கள் தங்கள் மனசைக் கொஞ்சமும் நம்பாதவர்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பூக்காரம்மா. மாதம் 500 ரூபாய் கட்டுகிறார். ராத்திரி வியாபாரம் முடிந்து வரும்போது, வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் 20 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் போவார். “வீட்டுக்குள்ள போயிருச்சுன்னா காசுக்குக் கால் முளைச்சிரும்க்கா” என்பார். வீட்டில் குடிக்கிற புருஷன் இல்லை, திருடுகிற பிள்ளை இல்லை. தன்னைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. இஸ்திரிக்காரர் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். நான் போகிற அன்று மேஜைத் துணி மேல் பாட்டிலைக் கவிழ்ப்பார். பூக்கூடையில் கிடந்து நமத்துப்போன நோட்டுகளை எண்ணுவதற்கு முன்னால் சூடு தணிந்த பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுப்பார். எண்ணி வாங்கி அட்டையில் கையெழுத்துப் போடுவேன். அஞ்சு வருடத்தில் அந்தம்மா ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அதே தெருவில் நல்ல சம்பளக்காரர் ஒருவர். “செலவெல்லாம் போக மிச்சத்தைக் கட்டிருவோம்” என்று 3,000 ரூபாய்க்குக் கணக்குத் தொடங்கினார். மிச்சம் என்ற ஒன்று எந்த வீட்டில் இருந்திருக்கிறது? சில மாதத்திலேயே திணறிவிட்டார். ஆனால் அவருடைய பைக் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. சம்பளம் வந்த கையோடு வங்கி அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. பைக்குக்கு ஓர் ஏற்பாடு இருந்தது, சேமிப்புக்கு இல்லை.

என் மகள் பொருளாதாரம் படித்தவள். நான் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, உலகம் முழுக்க என் தொழில்காரர்கள் இருக்கிற கதையைச் சொன்னாள். கானாவில் ‘சூசூ’ வசூல்காரர்கள் கடை கடையாகத் தினமும் வந்து ஒரே தொகையை வாங்கிப்போவார்கள். மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைத் தங்கள் கூலியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் ஒரு பெண் இதே வேலையைச் செய்ததை ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் என்கிற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். 220 கட்டம் போட்ட அட்டை, கட்டத்துக்கு 5 ரூபாய். 1,100 ரூபாய் சேர்ந்ததும் 1,000 திருப்பிக் கொடுப்பார். வட்டி வாங்கிச் சேமிப்பதைக் கேட்டிருக்கிறோம். வட்டி கொடுத்துச் சேமிப்பதை என்னவென்று சொல்ல? அந்த 100 ரூபாய், சொன்ன நேரத்துக்கு ஒரு ஆள் வாசலில் வந்து நிற்பதற்கான விலை. அவரிடம் கட்டிய பெண்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. நாமே குறித்த தேதியோ தொகையோ எட்டும்வரை நாமே கேட்டாலும் பணம் தராத கணக்கு அது. வட்டி சாதாரணக் கணக்கின் அளவுதான். விரும்பியவர்கள் ஓர் உண்டியலும் வாங்கிக்கொள்ளலாம். சாவி வங்கியிடம் இருக்கும். சேர அழைக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்குமேல் சேர்ந்தார்கள். அழைக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களுடைய சேமிப்பு ஒரு வருடத்தில் மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்ததாக 2006-இல் ஆய்வறிக்கை வந்தது. வங்கிச் சாவியும் எங்கள் இஸ்திரிக்காரர் பாட்டிலும் ஒரே ஜாதி.

வால்டர் மிஷல் 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னால் முன்னுக்கு வந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 2018-இல் இன்னும் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு வசதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தத் தொடர்பு மெலிந்துபோனது. நான் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மிட்டாயைக் கண்ணில் படாமல் மூடிவைத்தால் அதே வயசுப் பிள்ளைகள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். சர்க்கரைக்காரர் வீட்டில் முறுக்குத் தூக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்தாலே மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம்.

இனி, பாதியில் விடுகிறவர்கள் கதை. ஒரு மாதம் தவறுவதால் யாரும் விடுவதில்லை. தவறியதற்கு வெட்கப்படுவதால் விடுகிறார்கள். முதல் மாதம் “இந்த மாசம் தோதுப்படலக்கா” என்பார்கள். அடுத்த மாதம் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும், பிள்ளை மட்டும் வெளியே வந்து “அம்மா வீட்ல இல்ல” என்று சொல்லும். மூன்றாவது மாதம் என்னைக் கண்டால் எதிர்ச்சந்தில் திரும்பிவிடுவார்கள். இத்தனைக்கும் அஞ்சலகம் கேட்பது, தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய். நாலு தவணை விட்டால்தான் கணக்கு நிற்கும். அதையும் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். இந்த விதியை எழுதிய அதிகாரி யாரோ, மனுஷரைத் தெரிந்தவர். நடைப்பயிற்சிக்கு, படிப்புக்கு, அதிகாலை எழுவதற்கெல்லாம் நாம் நமக்குப் போடுகிற அபராதத்தைப் பாருங்கள்: ஒரு நாள் விட்டால் “நமக்கெல்லாம் இது சரிப்படாது” என்று மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடுகிறோம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிற பேச்சும் இதற்குத் துணை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து, செயலைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. 22-ஆம் நாள் காலையில் பழக்கம் வரவில்லையே என்று போர்வையை இழுத்துக்கொள்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

தொகையைக் குறைத்து எழுதச் சொல்வது என் வழக்கம். எனக்குக் கமிஷன் 4 சதவீதம், தொகை கூடினால் எனக்குத்தான் லாபம். ஆனால் நின்றுபோன கணக்கில் கமிஷன் ஏது? ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் ஒரே பெரிய கணக்கைவிடச் சின்னச் சின்னதாக இரண்டு, மூன்று போடச் சொல்வேன். கஷ்ட மாதத்தில் ஒன்றைத் தள்ளிப்போட்டாலும் மற்றது ஓடும். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் 500 கட்டினால் 5 வருடம் கழித்து 35,600 ரூபாய்க்குச் சற்று மேல் கைக்கு வரும். கல்யாணம் நடத்தக் காணாது, கல்லூரியில் முதல் கட்டணத்துக்கு ஆகும்.

போன வாரம் தையல் கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி 2,000 ரூபாய்க்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வந்தாள். 500-க்கு ஒன்று, 300-க்கு ஒன்று என்று எழுதினேன். முகம் சுருங்கிவிட்டது.

“என்னால முடியாதுன்னு நெனைக்கிறீங்களாக்கா?”

“ஆறு மாசம் கட்டு. அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம். கூலி என்னைக்குத் தருவாங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம்.”

“கடைத்தெருவுக்கு எப்பப் போவ?”

“ஞாயித்துக்கிழமை பத்து மணி போல.”

“அப்ப மாசாமாசம் ரெண்டாவது ஞாயிறு, ஏழு மணிக்கு வந்துருவேன். எந்திரிச்சிரு.”