பழைய வீட்டுக்குப் புது ஃபர்னஸ்

ஸ்காபரோவில் எங்களுடையது 1950களில் கட்டிய பங்களா. பேஸ்மென்ட்டில் கிடக்கும் கேஸ் ஃபர்னஸை இந்தக் குளிருக்கு முன் மாற்றியாக வேண்டும். பார்க்க வந்தவர் அதன் தகட்டில் டார்ச் அடித்து, "ஒரு லட்சம் பிடியு. அதே அளவிலயே போடுவம் அண்ணை" என்றார். நான் சம்மதிக்கவில்லை.

பிடியு (BTU) என்பது வெப்பத்தின் அளவு. தகட்டில் இருப்பது மணிக்கு எரியும் கேஸின் கணக்கு. 80 விழுக்காடு திறனுள்ள பழையது அதில் 80,000 பிடியுவைத்தான் வீட்டுக்குத் தரும். மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். கனடாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் வீட்டு ஃபர்னஸ்களுக்குப் பொதுவாக 95 விழுக்காடு திறன் கட்டாயம். அதே அளவில் போட்டால் 95,000 வரும். நாங்களோ ஜன்னல்களை மாற்றி, கூரைக்கடியில் இன்சுலேஷனும் போட்டுவிட்டோம். தேவை கூடவில்லை, குறைந்திருக்கிறது. அளவு மீறிய ஃபர்னஸ் சட்டென்று சுட்டு, நின்று, மறுபடி ஓடும். ஹால் வேகும், கடைசி அறை குளிரும். சுவர், ஜன்னல், கூரை பார்த்து வெப்ப இழப்பைக் கணக்கிடாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. புதியதன் புகை பிளாஸ்டிக் குழாயில் சுவர் வழியே வெளியேறும். அப்போது, இதுவரை பழைய ஃபர்னஸோடு சேர்ந்து புகை விட்ட கேஸ் வெந்நீர் டாங்க் மட்டும் அந்தப் பெரிய செங்கல் புகைபோக்கியில் தனித்துவிடும். அதன் புகை குளிர்ந்து உள்ளே நீர் கோக்கும், செங்கல் உதிரும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். புகைபோக்கிக்குள் அளவான உலோக லைனர் இறக்க வேண்டும். அந்தச் செலவையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.