புல் மாதிரி இருக்கும், ஆனா புல் இல்ல! அமெரிக்க ஓக் காட்டுக் கோரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா மாநில ஓக் காடுகளில் வசந்த காலத்தில் மரத்தடியெங்கும் மெல்லிய பச்சை இலைகள் பரவி நிற்கும். பார்க்கிறவர்கள் 'புல்லு' என்று கடந்துவிடுவார்கள். உண்மையில் அது ஒரு கோரை. பெயர் பென்சில்வேனியா செட்ஜ். அறிவியல் பெயர் கேரெக்ஸ் பென்சில்வேனிகா. நம்ம பத்தமடைப் பாய்க் கோரைக்குத் தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

ஏன் தெரிஞ்சுக்கணும்?

வறண்ட மண்ணிலும் நிழலிலும் வளரும் என்பதால், அங்கே புல்தரைக்குப் பதிலா இதை நடுகிறார்கள். ஆனால், ஏற்கெனவே தோட்டத்தில் தானாக வளர்ந்திருப்பதைக் களை என்று பிடுங்கிவிட்டால் மீட்பது கஷ்டம். விதையிலிருந்து எளிதில் முளைக்காது. மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத்தண்டால் மெதுவாகத்தான் பரவும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* தண்டு: பூத்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்க. மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையா, கணுக்களோடு இருக்கும்.

* இலை: மேலிருந்து பார்த்தால் மூன்று திசைகளில் கிளம்பும், புல்லில் இரண்டே திசைதான். அகலம் சுமார் 1 முதல் 3 மி.மீ. செடியின் உயரம் பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ.

* அடிப்பகுதி: செம்ஊதா நிறம், பழைய இலைகளின் நார் ஒட்டியிருக்கும். ஒரே குத்தாக நிற்காமல் தளர்வாகப் பரவும்.

* கதிர்: உச்சியில் ஒரு ஆண் கதிர், அதற்குக் கீழே சின்னச் சின்னப் பெண் கதிர்கள்.

கடைசி ஆதாரம்

கேரெக்ஸ் பேரினத்தில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 2,000 இனங்கள் உண்டு. அதனால் இலையை மட்டும் போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால் பதில் தப்பாக வர வாய்ப்பு அதிகம். மே கடைசி, ஜூன் வாக்கில் காய்க்கும்போது பாருங்க. ஒவ்வொரு காயையும் ஒரு குட்டிப் பை மூடியிருக்கும். லென்ஸில் பார்த்தால் அந்தப் பையின் மேல் மெல்லிய ரோமம் தெரியும். திறந்த புல்வெளிகளில் இதே சாயலில் வளரும் 'சன் செட்ஜ்' கோரைக்கும் ரோமம் உண்டு, ஆனால் அதன் பை கொஞ்சம் பருமன்.

சிகாகோ, மினியாபொலிஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நண்பர்கள் யாராவது இருக்காங்களா? இந்த லிங்க்கை அனுப்புங்க. காய்க்கிற வரைக்கும் பிடுங்காம விட்டாலே போதும்.