இந்திரா நகர்க் கொசுவின் மரபணுக் கணக்கு

புதுச்சேரி இந்திரா நகரில், ஜிப்மருக்குப் பக்கத்தில், ஊர் வி.சி.ஆர்.சி. என்று அழைக்கும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்காக 1975இல் இதை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கியது. இந்த மையம் 2022 ஜூலையில் ஒரு செய்தி சொன்னது: டெங்கு வைரஸைத் தன் உடம்பில் எளிதில் பெருகவிடாத ஏடிஸ் எஜிப்டி கொசு தயார், அதுவும் ஒன்றல்ல, இரண்டு வகை. அவற்றின் பெயரிலேயே ஊர் இருக்கிறது: டபிள்யூமெல் புட், டபிள்யூஆல்ப்-பி புட். ‘புட்’ என்பது புதுச்சேரி.

இந்தக் கொசு எப்படி உருவானது என்பதைக் கணக்காக எழுதிப் பார்த்தால், பாடப்புத்தகத்து மரபியல் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. இரண்டால் பெருக்குவது, இரண்டால் வகுப்பது என்ற இரண்டே கணக்குதான்.

முதலில் கையிருப்பு. ஏடிஸ் கொசுவின் செல்லுக்குள் குரோமோசோம் மூன்று ஜோடி. ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் சுமார் 128 கோடி எழுத்து. தாய் வழி ஒரு தொகுதி, தந்தை வழி ஒரு தொகுதி என்று சேர்த்தால் 256 கோடி. பக்கத்துப் பக்கத்து எழுத்துகளுக்கு இடைவெளி 0.34 நானோமீட்டர் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் மடங்கிக் கிடக்கும் இழையை நீட்டிப் பிடித்தால் 87 சென்டிமீட்டர் வரும். எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் 3 பங்குக்கும் குறைவு. புதுக் கொசுவில் அதே செல்லுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ., டபிள்யூமெல் வகையில், வெறும் 12 லட்சத்து 68 ஆயிரம் எழுத்து. நீட்டினால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கொசுவின் ஒரு தொகுதியோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. டெங்குவுக்கு எதிரான வேலையைச் செய்வது இந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

வோல்பாக்கியா புதிதாகச் செய்த உயிரல்ல. 1924இல் கியூலெக்ஸ் கொசுவுக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் இயற்கையாகவே இருக்கிறது. நம் வீட்டு ஏடிஸ் எஜிப்டியில்தான் இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்த வகை டபிள்யூமெல். ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலிருந்து எடுத்தது டபிள்யூஆல்ப்-பி. கொசு முட்டைக்குள் நுண் ஊசியால் இவற்றைச் செலுத்தும் வேலையை வெளிநாட்டு ஆய்வகங்கள் முன்பே செய்து முடித்திருந்தன. ஐ.சி.எம்.ஆர். 2017இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கொசு முட்டைகள் புதுச்சேரிக்கு வந்தன. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இதில் கொசுவின் சொந்த டி.என்.ஏ.வை யாரும் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

முட்டை வந்ததுமே வெளியில் விட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ நகரத்தின் டுபியகாங்கா பகுதியில் அப்படித்தான் விட்டார்கள். வோல்பாக்கியா ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. அந்த ஊர் வீடுகளில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். ஊர்க் கொசு அதற்குப் பழகியிருந்தது, விட்ட கொசு பழகவில்லை. எதிர்ப்புத்திறன் உள்ள கொசுவைக் கொண்டு மறுபடி விட்ட பிறகுதான் நிலைத்தது.

அந்த எதிர்ப்புத்திறன் எத்தனை எழுத்தில் இருக்கிறது தெரியுமா? ஒரே ஓர் எழுத்து போதும். நரம்புச் செல்லின் சோடியம் வாயில் புரதத்தில் 1,534ஆம் இடம். அங்கே டி.டி.சி. என்ற மூன்றெழுத்து டி.ஜி.சி. ஆகிவிட்டால், ஃபீனைல்அலனின் இருந்த இடத்தில் சிஸ்டீன் உட்காரும். மருந்து அந்த வாயிலில் முன்போல் பற்றாது. 128 கோடியில் ஓர் எழுத்து மாறியதற்கு, வீட்டுக்கு வீடு புகை அடித்த செலவில் ஒரு பகுதி வீண். இந்த மாற்றம் இந்திய ஏடிஸ் கொசுக்களிலும் பதிவாகியிருக்கிறது.

ஆகவே ஆஸ்திரேலியக் கொசுவைப் புதுச்சேரிக் கொசுவாக மாற்ற வேண்டும். வழி, மெண்டல் காலத்து வழி: வோல்பாக்கியா உள்ள பெண்ணை உள்ளூர் ஆணோடு சேர்ப்பது, பிறக்கும் பெண்களை மறுபடி உள்ளூர் ஆணோடு சேர்ப்பது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்நியப் பங்கு சராசரியாகப் பாதியாகும். முதல் தலைமுறையில் உள்ளூர்ப் பங்கு 50 சதவீதம். அடுத்தடுத்து 75, 87.5, 93.75, 96.9, 98.4. ஏழாவதில் 99.2. முட்டை கொசுவாக 8 முதல் 10 நாள். பிறகு இணை சேர, ரத்தம் குடிக்க, முட்டையிட, அந்த முட்டை காகிதத்தில் பதமாகக் காய என்று சேர்த்தால் ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வாரம். ஏழு தலைமுறைக்கு ஏறக்குறைய ஆறு மாதம்.

அந்த ஆறு மாதத்தில் கை வலிக்கும் வேலை ஒன்று உண்டு. பெண் ஏடிஸ் பெரும்பாலும் ஒரே முறைதான் இணை சேரும்; அந்த விந்தைச் சேமித்து வாழ்நாள் முழுக்க முட்டையிடும். தன் கூட்டத்து ஆணோடு முதலில் சேர்ந்துவிட்டால் அந்தப் பெண்ணின் கணக்கு போச்சு. அதனால் சிறகு முளைக்கும் முன்பே, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே ஆணையும் பெண்ணையும் பிரிக்க வேண்டும். பெண் கூட்டுப்புழு பருமன், ஆண் சிறிது. வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சொட்டுக்குழலால் ஒவ்வொன்றாக உறிஞ்சி வேறு கிண்ணத்தில் விடுவார்கள். ஒரு பெண் ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவுக்கு இடும் என்பதால், பத்துப் பெண்ணுக்கே ஆயிரம் கூட்டுப்புழு. மரபியலில் விலை கூடிய சரக்கு எது என்றால் இப்படிப் பிரித்துவைக்கும் பொறுமையைத்தான் சொல்வேன்.

இதில் வகுபடாத பங்கு ஒன்றும் இருக்கிறது. வோல்பாக்கியா முட்டை வழியாக மட்டுமே போகிறது, விந்து வழியாகப் போவதில்லை. அதனால் பெண் எப்போதும் ஆஸ்திரேலிய வழியாகவே இருந்தாக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவும் தாய் வழிதான். ஆக, புட் கொசுவின் குரோமோசோமில் நூற்றுக்கு 99 பங்கு புதுச்சேரி. ஆனால் 16,700 எழுத்து அளவுள்ள மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எத்தனை தலைமுறை போனாலும் முழுக்க ஆஸ்திரேலியா.

அடுத்து, ஒரு கொசுவுக்குள் வோல்பாக்கியா இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இரண்டால் பெருக்கும் கணக்கு வருகிறது. கொசுவை நசுக்கி டி.என்.ஏ. பிரித்து, வோல்பாக்கியாவின் மேலுறைப் புரதத்துக்கான டபிள்யூ.எஸ்.பி. மரபணுவில் 600 எழுத்து அளவுள்ள ஒரு துண்டைப் பி.சி.ஆர். இயந்திரத்தில் பெருக்குவார்கள். 95 டிகிரியில் இழை பிரியும், 55 டிகிரி வாக்கில் தொடக்கத் துண்டு ஒட்டும், 72 டிகிரியில் புது இழை வளரும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 10 சுற்றில் 1,024. 20இல் 10 லட்சத்து 48 ஆயிரம். 30இல் 107 கோடியே 37 லட்சம். நேரம் இரண்டு மணிக்குள்.

இதற்கு ஆகும் காசு? தொடக்கத் துண்டு இருபது எழுத்து நீளம், இரண்டு துண்டு வேண்டும். எழுத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 400 ரூபாய். வரும் அளவு 20 நானோமோல் என்றால், சோதனைக்கு 10 பிக்கோமோல் வீதம் 2,000 சோதனைக்கு வரும். சோதனைக்கு 20 காசு! கூடுதல் விலை நொதிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் ஆள் கூலிக்கும்தான். ஊருக்கே தெரிந்த விலையும் ஒன்று உண்டு: 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகத்தில் கொரோனா பி.சி.ஆர். சோதனைக்கு ஐ.சி.எம்.ஆர். வைத்த உச்ச வரம்பு 4,500 ரூபாய். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டெல்லி அரசு தன் வரம்பை 800 ஆக்கியது. வேதியியல் அதேதான்.

வோல்பாக்கியா இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்றும் அறிய வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். அதைச் செய்யக் குளோனிங். 600 எழுத்துத் துண்டை 3,000 எழுத்துப் பிளாஸ்மிட் வளையத்தில் செருகி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விடுகிறார்கள். நல்ல சத்துநீரில் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். பத்து மணி நேரத்தில் 30 இரட்டிப்பு, அதே 107 கோடி. பிரித்தெடுத்த பிளாஸ்மிட்டில் ஒரு நானோகிராமுக்குச் சுமார் 25 கோடியே 70 லட்சம் வளையம். இந்த எண்ணை வைத்து நீர்க்கச் செய்து, கொசுவிலிருந்து வரும் அளவை அதோடு ஒப்பிடலாம்.

குளோனிங் மனித ஆய்வகத்துக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்க வேண்டாம்; பிளாஸ்மிட்டில் மரபணுவை வைத்துப் படியெடுப்பதைப் பாக்டீரியா தானாகவே செய்கிறது. இதே வி.சி.ஆர்.சி. கண்டெடுத்த பி.17 என்ற பாக்டீரியா, கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. கொசுப்புழு மருந்தாக அதன் தொழில்நுட்பத்தை நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இனத்தின் நச்சுப் புரத மரபணுக்கள் 1,28,000 எழுத்து அளவுள்ள ஒரு பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன. அந்தப் புரதம் புழுவின் குடலைத் துளைக்கும், மனிதருக்குக் கேடில்லை. குறை ஒன்றே: தொட்டியில் போட்டால் ஒன்று இரண்டு வாரம்தான். வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 52 சுற்று, பத்து ஆண்டுக்கு 520 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் படியேற வேண்டும், மாடித் தொட்டி மூடியைத் தூக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் பின்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். நம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் செய்வது இதைத்தான். பூட்டிய வீடு ஒன்று விட்டுப்போனால் அதுவே போதும் அடுத்த தலைமுறைக்கு.

வோல்பாக்கியாவின் சிறப்பு, அது தன்னைப் படியெடுக்கும் செலவை நம்மிடம் கேட்பதில்லை என்பது. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும், குஞ்சு எல்லாவற்றிலும் வோல்பாக்கியா. இதை எண்ணில் பார்க்கலாம். ஒரு தெருவில் 100 பெண் கொசு, 30இல் வோல்பாக்கியா. ஆண்களிலும் அதே விகிதம். 30இன் முட்டையும் பிழைக்கும். மீதி 70இல் 30 சதவீதம், அதாவது 21, தவறான ஆணோடு சேர்ந்து வீணாகும், 49 மிஞ்சும். அடுத்த தலைமுறையில் 79க்கு 30, அதாவது 38 சதவீதம். இப்படியே போனால் 50, 66, 85, 98. ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய முழுவதும். இது குறைபாடற்ற கணக்கு. நிஜத்தில் வோல்பாக்கியா கொசுவுக்குக் கொஞ்சம் பாரம்தான், அதனால் குறைந்தபட்ச அளவைத் தாண்டும்வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தாண்டாவிட்டால் சரிந்துவிடும்.

பலன் எவ்வளவு? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 26 சதுர கிலோமீட்டர், 3,11,700 மக்கள், 24 பகுதியாகப் பிரித்து 12இல் மட்டும் டபிள்யூமெல் கொசு விட்டார்கள். 2021இல் வெளியான முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைவு, டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதம் குறைவு. பிரேசிலின் நிட்டெரோயில் 69 சதவீதக் குறைவு.

யோக்யகர்த்தா எண்ணை அப்படியே புதுச்சேரிக்கு எழுதிவிட முடியாது. நம் வெயில் இருக்கிறது. தினமும் 37 டிகிரி வரை ஏறும் தண்ணீரில் வளரும் புழுவில் டபிள்யூமெல் அடர்த்தி விழுந்துவிடுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டபிள்யூஆல்ப்-பி அந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. மலேசியா அதைத்தான் தேர்ந்தெடுத்தது. மே மாதத்து மொட்டைமாடி வாளி எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். வி.சி.ஆர்.சி. இரண்டு வகையையும் வளர்த்துவைத்தது இந்த வகையில் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு.

வோல்பாக்கியா கொசுவைப் பல நாடுகளில் விடும் உலகக் கொசுத் திட்டம் எட்ட விரும்பும் செலவு ஆளுக்கு ஒரு டாலர். புதுச்சேரி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 9,50,289. டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் 8 கோடியே 8 லட்சம். நிலைத்துவிட்டால் பி.டி.ஐ. போல வாரந்தோறும் ஏற வேண்டியதில்லை.

பணத்தைவிட நம்பிக்கைதான் கடினமான ஐட்டம். 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபுவழிக் கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்தின. சோனிபத்தில் மலட்டு ஏடிஸ் விடவிருந்த நேரத்தில், உயிரியல் போர் ஆராய்ச்சி என்ற சந்தேகம் நாடாளுமன்றம் வரை போய், 1975இல் திட்டம் நின்றது. தெரியாமல் விட்டதால் வந்த பயம் அல்ல அது, சொல்லாமல் விட்டதால் வந்தது என்பது என் எண்ணம்.

அதனால் புதுச்சேரியில் முத்தியால்பேட்டை மாதிரி நெருக்கமான ஒரு பகுதியில் ஒரு சதுர கிலோமீட்டரில் தொடங்கட்டும். 50 மீட்டருக்கு ஒரு கட்டம் என்றால் 400 கட்டம், 400 முட்டை வாளி. மாதம் 100 கொசு பிடித்துப் பி.சி.ஆர். செய்தால், பாதிக்குப் பாதி இருக்கும் நிலையிலும் கணிப்பு 10 சதவீதப் புள்ளி முன்பின் நிற்கும். சோதனைக்கு 100 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 10,000, ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அந்த மாத சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் தமிழில் எழுதி, அந்தத் தெருவின் ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும்.