ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை ஏப்பம்?

டென்மார்க்கில் 2030 முதல் கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்கு வரி வருகிறது. அந்தச் செய்தியைப் படித்த கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் வாசகர்கள் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: "கொல்லையில் கட்டியிருக்கும் ரெண்டு மாட்டுக்கும் வரி உண்டா?"

இல்லை. 2030-க்குள் உலக மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதாக 2021-இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் உறுதியெடுத்தன. இந்தியா சேரவில்லை. நம் மீத்தேன் முக்கியமாக மாட்டிலிருந்தும் நெல்வயலிலிருந்தும் வருவது, சிறு, குறு விவசாயிகளின் 'பிழைப்புக்கான உமிழ்வு', 'சொகுசு உமிழ்வு' அல்ல என்பது அரசின் வாதம். ரெண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டும் எருமைக்கறி ஏற்றுமதியும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அதையும் பிழைப்பு என்று ஏற்க எனக்கு மனமில்லை.

கடிதங்களில் அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நாட்டு மாடுதான் காற்றைக் குறைவாகக் கெடுக்கிறது என்கிறார் ஒருவர். கலப்பினம்தான் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி. மாடுகளின் எண்ணிக்கையாலா, பாலின் அளவாலா, எதால் வகுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஐ.நா.வின் காலநிலைக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடுகிறது, 900 கிலோ பால் தருகிறது. வட அமெரிக்க மாடு 120 கிலோவுக்கு மேல் விடுகிறது. பாலோ 8,400 கிலோ. தலைக்கணக்கில் நம் மாடு பாதிதான். லிட்டர் கணக்கில் நான்கு மடங்கு.

காரணம் வைக்கோல். அதில் நார் அதிகம், சத்து குறைவு. மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கியே உயிர்வாழும் ஓர் இனம் அங்கே குடியிருக்கிறது. அந்த வாயு பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியேதான் வெளியேறுகிறது. தண்ணீர் கட்டிய சம்பா வயலின் சேற்றிலும் இதே வகை உயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. காற்றுப் புகாத இடமும் அழுகும் நாரும் இருந்தால் அவற்றுக்குப் போதும். ஆகவே அறுத்த தாளைத் தண்ணீரில் மடக்கி உழுதால் மீத்தேன். மாட்டுக்குப் போட்டாலும் மீத்தேன்தான், ஆனால் கூடவே பாலும் சாணமும் கிடைக்கின்றன. அமெரிக்க மாடு தின்னும் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் தனி நிலம், தனி உரம், டீசல் வேண்டும். நம் மாடு நாம் சோறு எடுத்தபின் மிஞ்சியதைத் தின்கிறது. ஏப்பத்தை மட்டும் லிட்டரால் வகுக்கும் கணக்கில் இதெல்லாம் வராது.

அதற்காக நம் மாட்டின் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கலப்பினத்தால் லிட்டருக்கான மீத்தேன் குறைகிறது என்பதைச் சாதனையாகச் சொல்கிறார்கள். 2012-க்கும் 2019-க்கும் இடையே நாட்டினப் பசுக்களும் காளைகளும் 6 சதவீதம் குறைந்தன. அயலினமும் கலப்பினமும் ஏறத்தாழ 27 சதவீதம் கூடின. மொத்தம் குறையவில்லை, 0.8 சதவீதம் கூடி 19.25 கோடியானது. அதிகம் தின்று அதிகம் ஏப்பம் விடும் மாடுகள் பெருகி, தலைகளின் எண்ணிக்கையும் குறையாவிட்டால், லிட்டர் கணக்கு இறங்கும். காற்றில் சேரும் மீத்தேன் ஏறும். இறங்கும் எண்ணை மட்டும் காட்டுவது நேர்மையான கணக்கு ஆகாது.

மற்ற கேள்விகள்:

சாண எரிவாயுக் கலன்? சாணத்தின் மீத்தேன் அடுப்புக்குப் போகும்; ஏப்பம் அப்படியே இருக்கும்.

வைக்கோலை எரிக்கலாமா? கூடாது, புகையும் வரும், மண்ணுக்குப் போகவேண்டிய சத்தும் போய்விடும்.

வயலில் குறைக்க வழி? காய்ச்சலும் பாய்ச்சலும், சேற்றில் காற்றுப் புகுந்தால் மீத்தேன் குறையும்.

உம்பளச்சேரி மாடு? சேற்று உழவுக்கென்றே வளர்ந்த இனம். அதைப் பாலால் அளக்கக் கூடாது.

டிகிரி காபி? தாராளமாகக் குடியுங்கள்.

வீட்டில் மாடு இருந்தால், வைக்கோலை நறுக்கி, அகத்தியோ கோ-4 புல்லோ கலந்து போடுங்கள். பால் வற்றிச் சினையும் பிடிக்காமல் நிற்கும் மாட்டைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போய்க் காட்டுங்கள். கறக்காத நாளிலும் அது வைக்கோல் தின்கிறது, ஏப்பம் விடுகிறது.