ஆற்றில் கால் ஊன்றாத பாலம்

காட்டோரத்தில் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் பாலம் அமைக்கும்போது முதலில் முடிவாக வேண்டியது, தூண் எங்கே நிற்கும் என்பதே. படுகையில் தூண் எழுப்பினால் நீரோட்டம் மாறும், அதன் அடியில் மணல் அரிக்கும், லாரிகள் இறங்கிய கரை குலைந்துபோகும். தொங்கு பாலத்தில் இந்தத் தொல்லை குறைவு. இரு கரைகளிலும் கோபுரம் நிறுத்தி, அவற்றின்மேல் எஃகு வடங்களை இழுத்து, நிலத்தில் புதைத்த கான்கிரீட் கட்டைகளில் இறுக்குகிறார்கள். வடங்களிலிருந்து இறங்கும் கம்பிகள் நடைத்தளத்தைத் தாங்குகின்றன. வெள்ளம் தடையின்றிக் கீழே போகிறது.

கர்நாடகத்தின் சுள்யாவைச் சேர்ந்த பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜ், 1989இல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின்மேல் தம் முதல் தொங்கு பாலத்தைக் கட்டினார். அதன்பின் பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைபாலங்களை எழுப்பி, மழைக்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சிற்றூர்களுக்கு வழி தந்தார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். காட்டோரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை.

நடைபாலத்துக்குப் பாரம் மனிதர்களே. சதுர மீட்டருக்கு 400 கிலோ, கூட்டம் நெரியும் இடமானால் 500 கிலோ என்று கணக்கிடுவது இந்திய வழக்கம். பாரத்தைவிட அசைவே பெரிய சோதனை. மனிதர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். இடதும் வலதுமாக மாறும் அந்த உந்தல் பாலத்தின் இயல்பான அதிர்வோடு இசைந்தால் ஆட்டம் பெருகும். 2000இல் லண்டனில் திறக்கப்பட்ட மில்லெனியம் பாலம் இதனாலேயே இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்திய பின் 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது.

சைக்கிளுக்கு வேறு தேவைகள் உண்டு. ஏற்றம் இருபதுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருந்தால் மிதிப்பது கடினம். தளப் பலகைகளைப் பாலத்தின் குறுக்காகப் பதிக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் இடுக்கில் சக்கரம் மாட்டும். கைப்பிடி வேலியும் நடப்பவருக்குப் போதுமான உயரத்தைவிடக் கூடுதலாக வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, 2014இல் அறிவிக்கப்பட்டது. ஆற்றோர மருத மரங்களில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது, நீரில் நீர்நாய் திரிகிறது. இத்தகைய இடத்தில் கோபுரத்துக்காகக் கரை மரங்களை வெட்டக் கூடாது. விளக்குகள் தளத்தை மட்டும் நோக்கித் தாழ்வாக எரிய வேண்டும். நீரில் ஒளி விழுந்தால் பூச்சிகளும் வௌவால்களும் தடுமாறும். பாலத்துக்கு வரும் பாதை யானை வலசையைக் குறுக்கிடுமானால், வடிவமைப்பைத் திருத்துவதால் பயனில்லை. வேறு இடம் பார்ப்பதே முறை.